வராத புத்தகத்துக்குக் கட்டிய பணம்

2016 ஆகஸ்ட்டில் என் பழைய தமிழாசிரியர் போன் செய்தார். "தம்பி, பத்திரிகையில ஒரு விளம்பரம் பார்த்தேன். மூணு தொகுதி. முன்கூட்டியே கட்டினா 1,500, வெளிவந்த பிறகு 2,400-ன்னு போட்டிருக்கான். இந்த ஆன்லைன் சமாச்சாரம் எனக்கு வராது. நீ கட்டிடு, வீட்டுக்கு வரும்போது தர்றேன்."

கட்டினேன். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. டிசம்பருக்குள் வந்துவிடும் என்று விளம்பரத்தில் இருந்தது. டிசம்பர் போனது, சென்னைப் புத்தகக் காட்சி போனது, அடுத்த டிசம்பரும் போனது. மாதம் ஒரு தடவை ஐயா கூப்பிடுவார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று ஆரம்பித்து, கடைசியில் மெதுவாக, "அது வந்துச்சா தம்பி?" என்பார். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஏதோ தவறு செய்துவிட்ட மாதிரி பதில் சொல்வேன். பதிப்பகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. போனை எடுத்தவர் "வேலை நடந்துட்டிருக்கு சார்" என்பதோடு முடித்துக்கொண்டார்.

அந்தப் பதிப்பகத்தின் பெயர் இங்கே வேண்டாம். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது இல்லை. அந்த இரண்டரை வருடக் காத்திருப்பில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. நானும் ஐயாவும் 3,000 ரூபாய் கொடுத்து எதை வாங்கினோம்? புத்தகத்தை என்று சொல்ல முடியாது, அன்றைக்குப் புத்தகம் என்ற ஒன்றே இல்லை. அப்படியானால் எதை?

பதிப்பாளர் பக்கத்துக் கணக்கு

தமிழில் இதற்கு 'முன்வெளியீட்டுத் திட்டம்' என்று பெயர். பெரிய தொகுப்புகள், மறுபதிப்புகள், கெட்டி அட்டைப் பதிப்புகள் போன்றவற்றுக்கு அறிவிப்பார்கள். குறைந்த விலையில் இப்போதே கட்டினால், அச்சானதும் வீட்டுக்கு அனுப்புவார்கள். "இவ்வளவு தள்ளுபடி கொடுத்தால் பதிப்பாளருக்கு என்ன மிஞ்சும்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒவ்வொரு நூலுக்கும் மாறும்.

1,000 ரூபாய் விலையுள்ள ஒரு பெரிய நூல், 1,000 பிரதிகள். ஆஃப்செட் அச்சில் செலவு இரண்டு வகை. டைப்செட்டிங், மெய்ப்புத் திருத்தம், அட்டை வடிவமைப்பு, பிளேட் இவையெல்லாம் பத்துப் பிரதி அச்சடித்தாலும் ஆயிரம் அச்சடித்தாலும் ஒரே செலவுதான். அதற்கு 1 லட்சம் வைத்துக்கொள்வோம். பேப்பர், அச்சுக்கூலி, பைண்டிங் ஒவ்வொரு பிரதிக்கும் ஏறும். பிரதிக்கு 250 என்றால் 2.5 லட்சம். ஆக, ஒரு பிரதி விற்பதற்கு முன்பே பதிப்பாளர் கையிலிருந்து 3.5 லட்சம் போயிருக்கும்.

இந்தப் பணம் எப்படித் திரும்பும்? கடைக்குக் கொடுத்தால் கழிவு போகும். 40 சதவீதம் என்று வைத்தால் கையில் வருவது 600. அதுவும் விற்ற பிறகு, கடைக்காரர் எப்போது கணக்குப் பார்க்கிறாரோ அப்போது. நூலக ஆணை வந்தால் நல்லது, எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. புத்தகக் காட்சிக்கு ஜனவரி வரை காத்திருக்க வேண்டும்.

முன்வெளியீட்டில் அதே நூலை 700-க்குக் கொடுக்கிறார். அஞ்சல், பார்சல் செலவு 60 போனால் 640. அதாவது கடையில் விற்பதைவிட 40 ரூபாய் கூடுதல்! வாசகருக்கு 300 ரூபாய் தள்ளுபடி மாதிரி தெரிவது, உண்மையில் கடைக்காரருக்குப் போகவேண்டிய கழிவிலிருந்து வந்தது. பதிப்பாளருக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை. 500 பேர் கட்டினால் 3.2 லட்சம். அச்சுச் செலவு கிட்டத்தட்ட முழுதும் வந்துவிட்டது, பேப்பர் வாங்குவதற்கு முன்பே. மீதி 500 பிரதிகள் விற்க விற்க லாபம்.

இன்னொரு பலனும் உண்டு, பணத்தைவிட முக்கியமானது. எத்தனை பேருக்கு இந்தப் புத்தகம் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. 60 பேர்தான் கட்டினார்கள் என்றால் ஆயிரம் அச்சடித்துக் குடோனில் கரையானுக்குப் போட வேண்டியதில்லை. 300 அச்சடிக்கலாம், அல்லது டிஜிட்டல் அச்சில் தேவைக்கேற்ப எடுக்கலாம், அல்லது பணத்தைத் திருப்பிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

ஆக, திட்டத்தில் மோசம் எதுவும் இல்லை. விற்பனை குறைவாக இருக்கும் ஒரு மொழியில் பெரிய நூல்கள் வருவதற்கு இது ஒரு நியாயமான வழி. இது இல்லையென்றால் பல தொகுப்புகள் கையெழுத்துப் பிரதியாகவே இருந்திருக்கும்.

நம் பக்கத்துக் கணக்கு

அதே நூலுக்கு இப்போது நம் பக்கத்திலிருந்து பார்ப்போம். 1,000 ரூபாய் நூல் 700-க்கு. 300 லாபம் என்று தோன்றும். ஆனால் வெளிவந்த பிறகு புத்தகக் காட்சியில் வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடியில் 900-க்குக் கிடைத்துவிடும். ஆகவே உண்மையான லாபம் 200.

இப்படிப் பத்து நூல்களுக்குக் கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். போனது 7,000. பத்தும் வந்தால் 2,000 லாபம். ஒன்பது வந்தால்? அந்த ஒன்பதையும் பிறகு வாங்கியிருந்தால் 8,100 ஆகியிருக்கும், ஆக 1,100 லாபம். எட்டுதான் வந்தது என்றால் லாபம் வெறும் 200. ஏழு வந்தால் 700 நஷ்டம். காத்திருந்த மாதங்களுக்கு வட்டி எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

அதாவது பத்தில் எட்டு வந்தால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். இது பணக்கணக்கு மட்டும். ஒரு நூல் வெளிவர வேண்டும் என்ற ஆசைக்கு ஆளாளுக்கு ஒரு மதிப்பு வைத்துக்கொள்ளலாம்.

பொதுவாக எத்தனை வருகின்றன? தமிழ்ப் பதிப்புலகத்தை வைத்து எண்ணுவதைவிட, இதே முறையில் உலகம் முழுக்க இயங்கும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தைப் பார்ப்பது சுலபம். அங்கே பொருள் தயாராவதற்கு முன்பே பொதுமக்கள் பணம் போடுகிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈதன் மோலிக் அதை ஆராய்ந்தவர். போதிய பணம் திரண்ட திட்டங்களில் ஏறக்குறைய 9 சதவீதம் சொன்ன பொருளைக் கொடுக்கவில்லை என்பது 2015இல் அவர் வெளியிட்ட முடிவு. அதற்கு முந்தைய அவருடைய இன்னொரு ஆய்வில், முக்கால்வாசிக்கும் மேற்பட்டவை சொன்ன தேதியைத் தாண்டித்தான் வந்திருந்தன.

இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஏமாற்றுவது அபூர்வம், தாமதம் சகஜம்.

கையொப்பக்காரர்கள்

இது புது வழக்கம் என்று நினைத்தால் தவறு. 19ஆம் நூற்றாண்டில் தமிழ் நூல்கள் அச்சேறிய வழிகளில் இதுவும் ஒன்று. அன்றைய பெயர் 'கையொப்பம்'. நூல் அச்சாகப் போகிறது என்று தெரிவித்து, இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்து வாங்குவார்கள். சிலர் முன்பணம் தருவார்கள், சிலர் நூல் வந்ததும் தருவார்கள். ஆங்கிலத்தில் இதை சப்ஸ்கிரிப்ஷன் என்றார்கள். அந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கும் 'கீழே எழுதுவது' என்றுதான் பொருள். கையொப்பம் அதற்கு அச்சாகப் பொருந்தும் சொல்.

உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். சம்பளத்தில் சீவக சிந்தாமணி போன்ற பெரிய நூலை அச்சிட முடியாது. கையொப்பம் சேர்த்தும், அன்பர்களின் உதவியைப் பெற்றும்தான் 1887இல் அதைக் கொண்டுவந்தார். 'என் சரித்திரம்' படித்தவர்களுக்குத் தெரியும், ஏடு தேடிய அலைச்சலுக்குக் கொஞ்சமும் குறையாதது பணம் தேடிய அலைச்சல். ஏட்டைத் தேடியதை நாம் மேடை மேடையாகச் சொல்கிறோம். கையெழுத்துப் போட்டவர்களை அவ்வளவாக நினைப்பதில்லை.

இங்கிலாந்தில் இந்த முறை அதற்கும் முன்பே நன்றாக ஊன்றியிருந்தது. அலெக்சாண்டர் போப் ஹோமரின் இலியட்டை மொழிபெயர்த்தபோது, 500-க்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே சேர்ந்தார்கள். 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகள் வந்தன. போப் அதில் நல்ல வசதிக்கு வந்துவிட்டார். சாமுவேல் ஜான்சன் கதை வேறு. ஷேக்ஸ்பியர் பதிப்புக்கு 1756இல் அறிவிப்பு விட்டு முன்பணம் வாங்கினார். அடுத்த ஆண்டு முடிவதற்குள் தருவதாகச் சொன்ன நூல், வந்தது 1765இல். நடுவில் சார்லஸ் சர்ச்சில் என்ற கவிஞர், காசை வாங்கிக்கொண்டார், புத்தகம் எங்கே என்று பாட்டிலேயே கேலி செய்தார். கடைசியில் நூல் வந்தபோது, வழக்கமாக அச்சிடும் சந்தாதாரர் பட்டியல் அதில் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு ஜான்சன் இரண்டு காரணம் சொன்னதாக அவருடைய வரலாற்றை எழுதிய பாஸ்வெல் பதிவு செய்திருக்கிறார். ஒன்று, பெயர்களைத் தொலைத்துவிட்டார். இன்னொன்று, பணத்தைச் செலவழித்துவிட்டார்.

முதல் தடவை படித்தபோது சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணத்தைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

கடன் என்று ஒப்புக்கொண்டவர்கள்

மேலே கேட்ட கேள்விக்கு என் பதில் இது: முன்பதிவில் நாம் பொருளை வாங்குவதில்லை, கடன் கொடுக்கிறோம். அசலும் வட்டியும் பொருளாகவும் தள்ளுபடியாகவும் திரும்பி வரும் என்பது ஏற்பாடு. ஈடு எதுவும் கிடையாது. கடையில் காசைக் கொடுத்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு வருவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர்கள் குறைவு. அவர்களில் ஒருவர் பாரதியார். 1920இல் தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டம் போட்டார். அதற்காக அன்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். நூறு ரூபாயாவது அனுப்புங்கள், பத்திரம் எழுதித் தருகிறேன், மாதம் இரண்டு சதவீத வட்டி தருகிறேன் என்பது அதன் சாரம். நன்கொடை என்றோ ஆதரவு என்றோ கேட்கவில்லை. கடன், பத்திரம், வட்டி. அவ்வளவு நேர்மையாகக் கேட்டும் பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் காலமானார். இன்று அவர் பெயரைச் சொல்லாத தமிழ் வீடு இல்லை, அன்றைக்கு நூறு ரூபாய் கொடுக்க ஆள் இல்லை. முன்பதிவு என்றாலே எச்சரிக்கை எச்சரிக்கை என்று பேசும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். நாம் கட்டாமல் விட்டதால் வராமல் போகும் நூல்களும் உண்டு. அந்த நஷ்டம் யாருடைய கணக்கிலும் தெரியாது.

இன்னொரு உதாரணம் புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது. 2009 ஏப்ரலில் டாடா நானோ காருக்கு முன்பதிவு நடந்தது. இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகமான நாட்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். சேர்ந்த தொகை சுமார் 2,500 கோடி ரூபாய். முதல் 1 லட்சம் கார் யாருக்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். மற்றவர்கள் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அல்லது விட்டுவைத்தால் காத்திருக்கும் காலத்துக்கு வட்டி உண்டு என்றார்கள். கையில் இருப்பது அடுத்தவர் பணம் என்பதை ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது.

மூன்று வகை

இப்போதெல்லாம் போன், கார், ஸ்கூட்டர், விளையாட்டு மென்பொருள் எல்லாவற்றுக்கும் முன்பதிவு வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே தராசில் போடக்கூடாது. என் பணம் அங்கே போய் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் மூன்று வகை தெரிகிறது.

முதல் வகை, பொருளை உண்டாக்கும் பணம். கையொப்பமும் முன்வெளியீட்டுத் திட்டமும் இதில் வரும். நாம் கட்டாவிட்டால் பொருளே இல்லை. இங்கே ஆபத்து அதிகம், அர்த்தமும் அதிகம்.

இரண்டாவது, வரிசையில் இடம் பிடிக்கும் பணம். நானோ இதில் சேரும். பொருள் எப்படியும் வரும், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்காது. நம் பணம் ஒரு துண்டு போட்டு இடம் பிடிக்கிறது. திருப்பித் தரக்கூடிய சிறு தொகையாக இருந்தால் இதில் பெரிய பயம் இல்லை. 2016 மார்ச்சில் டெஸ்லா மாடல் 3 காருக்கு வாங்கிய 1,000 டாலர் அப்படிப்பட்டது, வேண்டாம் என்றால் திரும்பக் கிடைக்கும்.

மூன்றாவது வகையில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. விமர்சனம் வருவதற்கு முன்பே வாங்கிவிடும் பணம். கணினியில் தரவிறக்கும் விளையாட்டுக்கு எதற்கு முன்பதிவு? கோடிப் பேர் வாங்கினாலும் பிரதி தீர்ந்துபோகாது. பொருளும் ஏற்கெனவே பெரும்பாலும் முடிந்துவிட்டது. பிறகு ஏன் முந்தச் சொல்கிறார்கள்? 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077-க்கு முன்பதிவு மட்டும் 80 லட்சம். வந்த பிறகுதான் பழைய பிளேஸ்டேஷன் கருவிகளில் அது தடுமாறுவது எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அந்த 80 லட்சம் பேரின் பணம் எதையும் உண்டாக்கவில்லை, எந்த வரிசையிலும் இடம் பிடிக்கவில்லை. செய்தி வருவதற்கு முன்பு போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் நின்றபோது

ஜான்சன் விஷயத்தில் சிரிப்பு வராமல் போனதற்குக் காரணம் சொல்கிறேன் என்றேன். 2018இல் ஐயாவின் கட்டுரைகளைத் தொகுத்து ஒரு சிறு நூல் போடலாம் என்று நாங்கள் சில மாணவர்கள் முடிவு செய்தோம். யாரிடமும் பெரிய பணம் இல்லை. வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினோம். 250 ரூபாய், தை மாதம் நூல் வரும் என்று. 140 பேர் கட்டினார்கள். 35,000 ரூபாய், எல்லாம் என் சேமிப்புக் கணக்கில்.

தையில் நூல் வரவில்லை. காரணம் ஐயாவேதான். மெய்ப்பு பார்க்கக் கொடுத்தால் திருத்துவதோடு நிற்காமல் புதிதாக எழுதிச் சேர்ப்பார். "இது நிக்கும் தம்பி, நான் போயிடுவேன். தப்போட நிக்கக்கூடாது" என்பார். அதற்கு மேல் என்ன பேசுவது?

அந்த இடைவெளியில் ஒரு மாதம் வீட்டில் மருத்துவச் செலவு வந்தது. கணக்கில் பணம் இருந்தது. 8,000 எடுத்தேன். அடுத்த சம்பளத்தில் திருப்பி வைத்துவிட்டேன், யாருக்கும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். எடுக்கும்போது அது அடுத்தவர் பணம் என்று தோன்றவே இல்லை. என் கணக்கு, என் பாஸ்புக், என் பெயர். மோசடிக்காரர்கள் என்று நாம் நினைக்கும் பலர் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தால் நானும் "வேலை நடந்துட்டிருக்கு சார்" என்று சொல்லியிருப்பேன்.

கட்டப்படாத வீட்டுக்கு முன்பணம் வாங்கும் தொழிலில் இந்தச் சபலத்தைச் சட்டமே எதிர்பார்த்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரேரா, வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்கிறது. அந்தத் திட்டத்தின் கட்டுமானத்துக்கும் நிலத்துக்கும் தவிர வேறு எதற்கும் அதிலிருந்து எடுக்கக்கூடாது. ஒப்பந்தம் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. 2018இல் திவால் சட்டத்தைத் திருத்தியபோது, வீட்டுக்குப் பணம் கட்டியவர்களை நிதிக் கடன் கொடுத்தவர்களாகவே ஏற்றுக்கொண்டார்கள். முன்பணம் கட்டியவர் கடன் கொடுத்தவர் என்று நான் சொல்வதை, வீட்டு விஷயத்தில் சட்டமே சொல்கிறது.

புத்தகத்துக்கும் போனுக்கும் அப்படித் தனிக் கணக்கு வைக்கச் சொல்லும் விதி இல்லை. நுகர்வோர் சட்டம் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு பொருள் தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும் என்று காலவரம்பு உண்டு. "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்" என்று இருபத்து நான்கு தடவை சொன்னால் அது முடிந்துவிடும். என் கதையில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

கட்டுவதற்கு முன்

இப்போது நான் முன்பதிவு செய்யும்போது சில விஷயங்களைப் பார்க்கிறேன். கையெழுத்துப் பிரதி முடிந்துவிட்டதா, இல்லை இனிமேல்தான் எழுத வேண்டுமா? முடிந்த பிரதிக்குக் கட்டுவது அச்சுக்குக் கடன் கொடுப்பது. எழுதாத நூலுக்குக் கட்டுவது எழுத்தாளரின் வாழ்க்கைக்கே கடன் கொடுப்பது, அதைத் தெரிந்து கொடுக்க வேண்டும். இதற்கு முன் இவர்கள் அறிவித்தவை வந்தனவா? தேதி தவறினால் பணம் கேட்டால் திருப்பித் தருவோம் என்று எழுதியிருக்கிறார்களா? குறைந்தபட்சம் இத்தனை பேர் சேர்ந்தால்தான் அச்சு என்று இருந்தால், சேராவிட்டால் என்ன செய்வார்கள்? போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகைதானா?

பணம் வாங்கும் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. தனிக் கணக்கு திறங்கள். முடியாவிட்டால் மாதம் ஒரு கடிதமாவது எழுதுங்கள். தை தாண்டியதும் நான் அதைச் செய்தேன். இத்தனை பக்கம் முடிந்தது, இத்தனை பாக்கி, தாமதத்துக்குக் காரணம் இது, பணம் வேண்டுமானால் சொல்லுங்கள் என்று நாலே வரி. இரண்டு பேர்தான் திரும்பக் கேட்டார்கள். சித்திரையில் நூல் வந்ததும் அதில் ஒருவர் முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டார்.

ஐயாவும் நானும் 2016இல் கட்டிய அந்த மூன்று தொகுதி 2019 பிப்ரவரியில் வந்தது. முன்னறிவிப்பு இல்லை, ஒரு துண்டுக் கடிதமும் இல்லை, கூரியர்காரர் மட்டும் வந்தார். நூல் என்னவோ நன்றாகவே இருந்தது, நல்ல பேப்பர், நல்ல பைண்டிங். ஐயாவுக்கு அதற்குள் கண்புரை முற்றியிருந்தது. அவருடைய பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். முகர்ந்து பார்த்தார். மூன்றாம் தொகுதியின் கடைசிப் பக்கங்களை என்னைப் புரட்டச் சொன்னார்.

"முன்னாடியே கட்டினவங்க பேரெல்லாம் போட்டிருக்கானா?"

"இல்லைங்கய்யா."

"ம். பழைய புஸ்தகத்துல எல்லாம் போடுவாங்க."

அடுத்த மாதம் மெய்ப்புப் பிரதியை வாங்கப் போனபோது, எங்கள் நூலின் கடைசியில் நான்கு பக்கம் சேர்க்கச் சொல்லி எழுதி வைத்திருந்தார். அதனால் இன்னும் ஒரு வாரம் தாமதம். பணம் கட்டிய 140 பேரின் பெயர், ஊரோடு, அகர வரிசையில். பணத்தைத் திரும்ப வாங்கிய இருவர் பெயரையும் எடுக்க வேண்டாம் என்றார்.